வெள்ளிக்கிழமை குழந்தைகளுக்கு

விடிவதற்கு முன் எழுந்து ஸ்டவ்வைப் பற்ற வைக்கிறேன். பால் பாட்டிலையும் ரப்பரையும் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுகிறேன். அது கொதிக்கிற நேரத்தில் பல் துலக்கிவிட்டு, ராத்திரி நனைந்த துணிகளை அலசிக் கொடியில் போடுகிறேன். ஆறிய வெந்நீரில் பால்மாவைக் கரைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறேன். பையன் குடிக்கிறான். தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறேன். ஏப்பம் வருகிறது. சில நாள் ஏப்பத்தோடு பாலும் வருகிறது. சட்டையை மாற்றிக்கொள்கிறேன். அம்மா எழுந்து வந்து அவனை வாங்கிக்கொள்கிறாள். நான் குளித்து, பழையதைச் சாப்பிட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன்.

பரிசாகக் கொடுத்த பால் டப்பா எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது நானே வாங்குகிறேன்.

என் மனைவி அம்சம் புரட்டாசியில் இறந்தாள். பையனுக்குப் பரிசு கொடுத்த நாளும் அவள் இறந்த நாளும் ஒன்றுதான். அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று. யாராவது ஒரு டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டாள். சிரித்துக்கொண்டும் கேட்டாள். மைக்கிலும் கேட்டாள்.

எங்கள் குடும்பம் பஞ்சநதம் பண்ணையில் நாற்று நட்ட குடும்பம். எங்கள் தெருவிலிருந்து காலேஜ் போனவன் நான்தான் முதலில். கும்பகோணத்தில் பி.ஏ. முடித்து, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். அம்சம் எட்டாவது வரை படித்தவள். சிறு வயதிலேயே தாயை இழந்தவள். அதனால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகவில்லை. எங்கள் வீட்டில்தான் பெற்றாள்.

எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவள் என்றால் எலும்பும் தோலுமாக இருப்பாள். தீட்டுக் கழித்த கையோடு வயலில் இறங்கிவிடுவாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், இடுப்பில் ஒரு பிள்ளை. அதுதான் எங்களுக்குத் தெரிந்த தாய். அம்சம் அப்படி இல்லை. பெற்ற சில நாளில் அவள் முகம் உப்பியது. கன்னம் பளபளத்தது. கால் உருண்டு திரண்டது. கை வளையல்கள் கழற்ற வராமல் இறுகிக்கொண்டன. தெருப் பெண்கள் முறை வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா வளையல்காரனைக் கூப்பிட்டு, பழைய வளையல்களை உடைத்துப் பெரிய அளவில் போடச் சொன்னாள். வாசலில் உட்கார்த்தி வைத்து, எல்லோரும் பார்க்கப் போட வைத்தாள்.

"ஈர்க்குச்சியாட்டம் வந்த பொண்ணு. இப்பப் பாருங்கடி. பஞ்சநதம் வூட்டுப் பொம்பளைங்கல்லாம் தோத்தாளுங்க" என்றாள்.

அம்சம் படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். வறட்டு இருமல். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது புடவையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"இங்க பாரு வாத்தியாரே. சேத்துல காலு வச்ச மாதிரி."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

"புதுச் சததானே. புதுச் சத அப்படித்தான் அமுங்கும்."

எங்கள் ஊரிலேயே ஒரு தாய் சேய் விடுதி உண்டு. சாவித்திரி என்ற நர்ஸ் இருந்தாள். அங்கே காட்டியிருக்கலாம். ஆனால் குறுவை அறுவடைக்குக் கூலியை உயர்த்திக் கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்கள். பஞ்சநதம் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார். அவர்களுக்குக் காவலாக ரிசர்வ் போலீஸ் வந்தது. போலீஸுக்குத் தங்க இடம் வேண்டும். பஞ்சநதம் வீட்டில் பன்னிரண்டு அறை இருக்கிறது. கொடுத்தது பிரசவ விடுதியை. பிரசவ மேஜை மேல் தொப்பிகளை அடுக்கி வைத்தார்கள். தொட்டில் கம்பியில் பனியன் காய்ந்தது. சாவித்திரியை டவுன் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். பஞ்சநதம் ஓட்டுப் போட்ட கட்சி வேறு, எங்களுக்கு வாக்குறுதி கொடுத்த கட்சி வேறு என்று நான் படித்தவன் நம்பிக்கொண்டிருந்தேன். விடுதிச் சாவியைப் போலீஸிடம் கொடுத்தது நாங்கள் ஓட்டுப் போட்டவர்கள்தான்.

ஆக, பையனுக்கு எடை பார்க்கவும் ஊசி போடவும் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளை பெற்ற பிறகு அம்சம் வாசலைத் தாண்டுவது அதுதான் முதல் தடவை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். நீலத்தில் மஞ்சள் கரை போட்ட புடவை கட்டினாள். செருப்பு ஏறவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு அதை மூலையில் எறிந்தாள்.

"வெறுங்காலோடயே வாரேன். காலக் காட்டத்தானே போறேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வரும்போது பன்னீர் சோடா வாங்கித் தரணும். அத்த முன்னாடியே சொல்லுறேன். ஒளிச்சு மறச்சுக் குடிக்க மாட்டேன்."

"பச்ச ஒடம்புக்காரி சோடா குடிப்பாளா? சளி கட்டிக்கும்" என்றாள் அம்மா. பையனுக்கும் அவளுக்கும் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தாள். அவளுக்குப் பெரியதாக வைத்தாள்.

பஸ்ஸில் மீன் கூடையோடு ஒரு அம்மாள் ஏறினாள். அம்சத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாத்தே, என்னா செழிப்பு! மொதப் புள்ளயா? மாமியா கையித் தங்கந்தான் போ."

அம்மாவுக்கு வேறென்ன வேண்டும். "பால்சுறாக் கருவாடு. முத்துப்பேட்டயிலேருந்து சொல்லி வுட்டு வரவழைக்கிறேன். மூணு வேளையும் அதான்" என்றாள்.

"அந்தக் கருவாட்டத் திருப்பிக் கடல்லயே வுட்டுருங்க அத்தே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றாள் அம்சம்.

பஸ்ஸே சிரித்தது. அம்சமும் சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சுப் போதவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மீன்காரம்மாள் அவள் முதுகைத் தடவி, "பாலு கட்டியிருக்கும்" என்றாள்.

டவுன் ஆஸ்பத்திரி வாசலில் பலகை எழுதி மாட்டியிருந்தது. செவ்வாய் தாய்மார்களுக்கு. வெள்ளி குழந்தைகளுக்கு. அன்று வெள்ளி. பலகைக்குப் பக்கத்தில் பந்தல். கறுப்பும் சிவப்புமாகத் தோரணம். தலைவர் பிறந்தநாளை ஒட்டி ஆரோக்கியக் குழந்தைப் போட்டி என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போட்டிக்கு என்று யாரும் வரவில்லை. ஊசிக்கு வந்த பிள்ளைகளைத்தான் போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள்.

சாவித்திரி எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து பையனை வாங்கிக்கொண்டாள். துணித் தொட்டில் கட்டிய தராசில் போட்டாள். முள் நிற்கும்வரை குனிந்து பார்த்தாள். நம்ப முடியாமல் எடுத்துவிட்டு மறுபடியும் போட்டாள். தலையின் சுற்றளவை நாடாவால் அளந்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். விரல்களை எண்ணினாள். தொடையில் ஊசி போட்டாள். அவன் ஒரு தடவை கத்திவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"இவந்தான். வேற எவனும் கெடயாது. பேரக் குடுத்துட்டேன்" என்றாள்.

"அக்கா, என்னயும் அந்தத் தராசுல போடேன்" என்றாள் அம்சம்.

"ஒன்னயப் போட்டா தராசு அத்துக்கிட்டு வுழுந்துரும் போடி."

"வெளாட்டு இல்லக்கா. படுக்க முடியல. மூச்சு அடைக்குது. டாக்டரம்மா ஒருக்கா கொழாய வச்சுப் பாக்கட்டும்."

"பாலு வருதா?"

"வருது."

"அப்பறம் என்னா? இன்னிக்குப் புள்ளைங்க நாளு. தாய்மாருக்குச் செவ்வாக்கெழம. பலவயில எழுதித் தொங்க வுட்டிருக்குல்ல. ஒங்க வாத்தியாரப் படிச்சுச் சொல்லச் சொல்லு."

"செவ்வாக்கெழமையா? பச்சப்புள்ளய அன்னிக்கு எவளாச்சும் வெளிய தூக்குவாளா?" என்று அம்மா கேட்டாள்.

"அதனாலதான் பெரியம்மா செவ்வாக்கெழம ஒரு ஈ காக்கா வர்றதில்ல" என்றாள் சாவித்திரி. சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைத் தராசில் போட்டாள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. யாரும் வராத கிழமையைத் தாய்மார்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பலகை எழுதினவனுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

நாங்கள் ஓட்டுப் போட்ட கட்சியின் சேர்மன் வர வேண்டும். அவர் வந்துதான் பரிசு. தாய்மார்கள் பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்சத்தால் தரையில் சம்மணம் போட முடியவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உச்சி வெயில் கீற்று வழியாக இறங்கியது.

டாக்டரம்மா வெளியே வந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அம்சத்திடம் வந்ததும் நின்றார். அவள் மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினார்.

"எல்லாரும் இங்க பாருங்க. ஒரு தாய்னா இப்படி இருக்கணும். தாய் நல்லா இருந்தா குழந்தை நல்லா இருக்கும். நீங்களும் இருக்கீங்களே, சோறே காணாத மாதிரி."

தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் அம்சத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் சோறு காணாதவர்கள்தான். கூலித் தகராறில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் அடுப்பு எரிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"டாக்டரம்மா, எனக்கு மூச்சு அடைக்குது" என்றாள் அம்சம்.

"வெயில்மா. உக்காருங்க."

"கால் வீங்கியிருக்கு டாக்டர். அழுத்தினா குழி விழுது. படுத்துத் தூங்க முடியல" என்றேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் சட்டையை, பாக்கெட்டில் இருந்த பேனாவை.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.ஏ."

"எதுல?"

"வரலாறு."

"நான் எம்.பி.பி.எஸ். பிரசவம் ஆனா கொஞ்சம் நீர் சேரும் சார். உப்பைக் குறைங்க. செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க, பாப்போம்."

குழாய் அவர் கழுத்தில் தொங்கியது. அம்சத்தின் நெஞ்சுக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்காது. அவர் அடுத்த குழந்தையின் கன்னத்தைக் கிள்ளப் போனார்.

சேர்மன் தியாகராசன் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தாலுகா ஆபீஸில் கூலிப் பேச்சுவார்த்தை நடத்திவிட்டு வந்தார். பேச்சு முறிந்துவிட்டது என்று அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். அதன் சாயல் அவர் முகத்தில் இல்லை. மேடையில் ஏறியதும் மைக்கைத் தட்டினார்.

"என் உயிரினும் மேலான தாய்க்குலமே! தொட்டிலிலே தூங்குகின்ற தோன்றல்களே! இன்று மண் ஆண்டவர்கள் மண்ணைக் கவ்வுகிறார்கள். நாளை மண் நம் மழலைக்கு!"

கைதட்டினார்கள். மேடைக்கு முன்வரிசையில் பஞ்சநதத்தின் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து கைதட்டினான். பந்தலுக்கு மூங்கில் கொடுத்தது பண்ணை.

முதல் பரிசு எங்கள் பையனுக்கு. அம்சத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாலு படி. ஒவ்வொரு படியிலும் நின்றாள். நான் பின்னால் தாங்கிக்கொண்டு ஏறினேன். சேர்மன் பையனைத் தூக்கி உயர்த்தினார்.

"பெயர் என்ன சகோதரி?"

"இன்னும் வைக்கல" என்றாள்.

அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கோயிலில் வைத்துத்தான் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"அப்படியானால் இந்த ஏழைத் தொண்டன் சூட்டுகிறேன். வெற்றிச்செழியன்! வெற்றிச்செழியன் வாழ்க!"

வாழ்க என்றார்கள். இப்போது ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது. நான் பையன் என்று கூப்பிடுகிறேன்.

"பரிசு பெற்ற தாய் ரெண்டு வார்த்தை பேசட்டும். என்ன சாப்பிட்டீங்க, எப்படி வளர்த்தீங்க, சொல்லுங்கம்மா" என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினார்கள்.

அம்சம் மைக்கைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். அவரைப் பார்த்தே சொன்னாள்.

"என்னால மூச்சு வுட முடியல."

நாலு ஒலிபெருக்கியில் அது கேட்டது. கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். சேர்மன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கூட்டத்தைக் கண்டதும் தங்கச்சிக்கு மூச்சு முட்டுகிறது! எதிர்க்கட்சிக்காரனுக்கும் இப்படித்தான்!"

பந்தல் அதிரச் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரித்தார். சாவித்திரி கைதட்டினாள். போட்டோக்காரன், "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான். அம்சத்தின் கையில் பால் டப்பாவைக் கொடுத்தார்கள். தாய்ப்பால் கொடுத்து வளர்த்ததற்குப் பரிசு பால் டப்பா.

இறங்கியதும் நான் டாக்டரம்மாவைத் தேடினேன். அவர் சேர்மனின் ஜீப்பில் ஏறிவிட்டார். அடுத்த ஊரிலும் போட்டி.

கடைத்தெருவில் பன்னீர் சோடா வாங்கினேன். அம்மா தடுக்கவில்லை. பரிசு வாங்கிய பெருமையில் அவளுக்கு எல்லாமே சம்மதமாக இருந்தது. அம்சம் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"நெஞ்ச வுட்டு எறங்க மாட்டேங்குது. நீ குடி" என்றாள். பிறகு, "மைக்குல சொன்னா கூடக் கேக்க மாட்டேங்குறானுவ பாரேன். இன்னும் எதுல போயிச் சொல்லுறது? தண்டோராதான் போடணும்."

திரும்புகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பேச்சு முறிந்த செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வெளியூர் ஆட்களின் லாரி உள்ளே வராமல் இருக்க, எங்கள் ஆட்கள் பாலத்தில் வண்டிகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். போலீஸ் தடியடி நடத்தியிருந்தது. வரப்பில் யாரோ வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். கண்டக்டர், "எல்லாரும் எறங்குங்க. இதுக்கு மேல போவாது" என்றான்.

நடந்தோம். அம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். அம்சம் பையனை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் மதகு வந்ததும் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். பையன் பசிக்கு அழுதான். அவனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். இருமல் வந்தது. விடாமல் வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்தாள். துணியில் இளஞ்சிவப்பாக நுரை.

அம்மா திரும்பி வந்து பார்த்தாள். "வெத்தல போட்டியாடி?"

"ஆமா அத்தே" என்றாள் அம்சம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "கல்யாண வூட்டுக்குப் போயிட்டுத்தானே வாரோம்."

அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. டப்பாவைக் கீழே வைத்தாள். அம்சத்தின் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்தாள். விரல் பட்ட இடமெல்லாம் குழி விழுந்தது. அம்மா தன் கையை எடுத்துக்கொண்டாள்.

வாடகைக் கார் ஓட்டும் மீரா உசேன் அந்த வழியாக வந்தான். நாகூர்க்காரன், எனக்குப் பழக்கம். திருக்கடையூரில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம், ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிறவன் பாலம் அடைத்திருப்பது தெரியாமல் வந்துவிட்டான். நான் கை காட்டியதும் நிறுத்தினான். அம்சத்தை ஒரு பார்வை பார்த்தான்.

"ஏறுங்க வாத்தியாரே. ஒண்ணும் பேச வேணாம். ஏறுங்க" என்று கதவைத் திறந்துவிட்டான்.

டவுன் ஆஸ்பத்திரியில் யாரும் இருக்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கே போகச் சொன்னேன். டவுன் எல்லையில் போலீஸ் காரை நிறுத்தியது. சங்கத்து ஆள் யாராவது தப்பிப் போகிறானா என்று பார்த்தார்கள். என்னை இறக்கிச் சோதித்தார்கள். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். அம்சத்தின் மடியில் பையன்.

"கொழந்தைக்கு என்னா?"

"கொழந்தைக்கு இல்ல சார், என் மனைவிக்கு" என்றேன்.

"நல்லாத்தானே உக்காந்திருக்கு. கொழந்தைக்குன்னா வுட்டுடலாம். ஆம்பள ஆளுங்கள அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு."

"கொழந்தைக்குத்தான் சார். வலிப்பு" என்றான் மீரா உசேன்.

தடுப்பைத் தூக்கினார்கள். அந்தப் பொய்க்காக அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அம்சத்துக்காக ஒருவர் செய்த ஒரே காரியம் அதுதான். ஆனால் அவளைப் பார்க்க வைக்க, பையனுக்கு வலிப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. தடுப்புக்குப் பக்கத்தில் இருந்த போலீஸ்காரன் ஒருவன் பெரிய ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லியும் விட்டான். நல்ல எண்ணத்தில்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் தயாராக நின்றிருந்தார்கள். கார் நின்றதும் ஓர் ஆயா கதவைத் திறந்து, அம்சத்தின் மடியிலிருந்து பையனைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நானும் மீரா உசேனும் அம்சத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனோம். அம்மா கார் அருகிலேயே நின்றுவிட்டாள். உள்ளே மேஜை மேல் பையனைக் கிடத்தியிருந்தார்கள். இளவயது டாக்டர். என் வயது இருக்கும். குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு பையனின் நெஞ்சில் வைத்துக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நர்ஸ் பையன் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தாள். இன்னொருத்தி வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். அம்சத்தை நாங்கள் பெஞ்சில் உட்கார்த்தினோம். சுவரில் சாய்ந்துகொண்டாள். உதடு நீலமாக இருந்தது. அந்த அறையில் அவ்வளவு பேர் இருந்தார்கள். எல்லா முதுகும் அவள் பக்கம்.

அவள் பேசினாள். டாக்டர் திரும்பினான். பார்த்ததும் ஓடிவந்தான். அதற்குப் பிறகு அவன் எல்லாம் செய்தான். ஊசி போட்டான், காற்று வைத்தான், நெஞ்சை அழுத்தினான். சட்டை முழுக்க வியர்த்திருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

முடிந்ததும் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இதயம் பலவீனம், சில பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டி வரும், உடம்பில் சேர்ந்த நீர் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றான். நீரை இறக்க மருந்து இருக்கிறது என்றான். குழாயை வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்றான்.

"இவ்வளவு வீக்கத்தோட ஏன் யாருக்கும் காட்டாம இருந்தீங்க?"

"மேடையில ஏத்திக் காட்டினோம்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை.

மேடையில் எடுத்த போட்டோவைச் சேர்மன் சட்டம் போட்டு அனுப்பினார். அதைத்தான் எங்கள் வீட்டில் மாட்ட வேண்டும் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். அம்சத்துக்கு வேறு படம் இல்லை. போட்டோவில் அவள் கொழுகொழுவென்று இருக்கிறாள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்லா இருந்த பொண்ணு எப்படிச் செத்தா என்று கேட்கிறார்கள். நான் அதைச் சுவரில் மாட்டவில்லை.

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஊரில் நாலு விதமாகச் சொல்கிறார்கள். "அத்தே, எம்புள்ளய ஒங்க கையில ஒப்படைக்கிறேன்" என்று சொன்னதாக அம்மா சொல்கிறாள். கேட்கிறவர்கள் அழுகிறார்கள். அம்மாவும் அழுகிறாள். அவள் காரை விட்டு நகரவே இல்லை. ஆனால் இப்போது அதை அவளே நம்புகிறாள். கூலியை விட்டுக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு உயிரை விட்டாள் என்று சங்கத்துக் கூட்டத்தில் பேசினார்கள். பாலத்தை அடைத்தவர்கள் நாசமாகப் போக என்று சாபமிட்டாள் என்று பண்ணையின் கணக்குப்பிள்ளை சொல்லித் திரிகிறான். என் மகன் வெற்றிச்செழியன் இந்த மண்ணை மீட்பான் என்று சொன்னதாகச் சேர்மன் இரங்கல் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு முழங்கினார். கூட்டம் கைதட்டியது. இரங்கல் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

இவர்களில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன். மீரா உசேன் இருந்தான். அவள் மகனை ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை. யாரையும் சபிக்கவில்லை, யாருக்கும் செய்தி விடவில்லை. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நுரையைத் துப்பிவிட்டு, மேஜையைச் சுற்றி நின்ற முதுகுகளைப் பார்த்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கோபமாகச் சொன்னாள்:

"அவனுக்கு ஒண்ணுமில்ல சார். வேணும்னா அப்பறமாக் கொஞ்சிக்கிங்க. என்னயப் பாருங்க."